ராப்பரின் சொற்கள் காலப்போக்கில் என்ன ஆகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ராப்பரை இருபது வருடம் விடாமல் கேட்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும். ஆள் மாறிவிட்டாரா, நம் காது மாறிவிட்டதா? முன்பு வரிக்கு வரி கொட்டிய சொற்கள் எங்கே போயின? இது சம்பந்தமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. என் கருத்து எது என்பது படிக்கும்போதே தெரியும்.

ராப்பரின் சொல்வளம் என்று எதைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் தனிச்சொற்களின் எண்ணிக்கையைத்தான். ஒருவருடைய பாடல் வரிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அதில் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று பார்ப்பார்கள். ‘நான்’ என்பது ஆயிரம் முறை வந்திருந்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

மற்ற இசை வகைகளைவிட ராப்பில் இந்தக் கணக்கு பிரபலமானதற்குக் காரணம் எளிமையானது. எண்ணுவதற்கு அவ்வளவு சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. எமினெமின் 2013 பாடலான ‘ராப் காட்’ 6 நிமிடம் 4 விநாடி ஓடுகிறது. அதற்குள் 1,560 சொற்கள். ஹிட் பாடல் ஒன்றில் அதிகச் சொற்கள் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. மெல்லிசைப் பாடகர் ஒருவர் அத்தனை சொற்களைப் பாட அரை ஆல்பமாவது வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படி எண்ணுவது, அந்த ஆள் மைக்கில் பயன்படுத்திய சொற்களை. அவருக்குத் தெரிந்த சொற்களை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது.

ஷேக்ஸ்பியரையே ராப்பர்கள் முந்திவிட்டார்களாமே, உண்மையா?

அந்தப் பேச்சு 2014-ல் வந்த ஒரு பட்டியலிலிருந்து வருகிறது. மேட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்களின் வரிகளை எடுத்து, ஒவ்வொருவரின் முதல் 35,000 சொற்களில் தனிச்சொற்கள் எத்தனை என்று எண்ணினார். ஏசாப் ராக் 7,392 சொற்களோடு முதலிடம். டி.எம்.எக்ஸ். 3,214 சொற்களோடு கடைசி. ஒப்பிட்டுப் பார்க்க ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்தும் அதே அளவு எடுத்தார். அதில் 5,170. ஆக அந்தக் கணக்கின்படி பல ராப்பர்கள் ஷேக்ஸ்பியருக்கு மேலே இருந்தது நிஜம்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரே சொல்லின் பன்மை ஒரு சொல், விகுதி மாறினால் இன்னொரு சொல், கடைசி எழுத்தை விழுங்கிச் சொன்னால் மூன்றாவது சொல். கொச்சை உச்சரிப்பை அப்படியே எழுத்தில் கொண்டுவரும் ராப் வரிகளுக்கு இதனால் எண்ணிக்கை ஏறும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், பிராண்டு பெயர் எல்லாமும் அதில் சேரும்.

அளவுகோல் மாறினால் முதலிடமும் மாறும். 2015-ல் பாடல் வரிகளைத் தொகுக்கும் மியூசிக்ஸ்மேட்ச் நிறுவனம் வேறு முறையில் எண்ணியது. ஒவ்வொரு கலைஞரின் சொல் அடர்ந்த 100 பாடல்களை எடுத்துக்கொண்டது. அதில் எமினெம் 8,818 சொற்களோடு முதலிடம் பிடித்தார். டேனியல்ஸ் பட்டியலில் அதே எமினெம் எங்கோ நடுவில் இருந்தார்.

அப்படியானால் ஒரு ராப்பர் வளர்ந்தாரா தேய்ந்தாரா என்று அந்தப் பட்டியலை வைத்துச் சொல்லலாமா?

முடியாது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. முதல் 35,000 சொற்கள் என்றால் சுமார் மூன்று முதல் ஐந்து ஆல்பங்கள். அதாவது அந்தப் பட்டியல் ஒருவரின் தொடக்க காலத்தை மட்டும் அளக்கிறது. ஜே-ஸியின் பதின்மூன்றாவது ஆல்பத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. அந்த அளவுக்குப் பாடாமலே இறந்துபோனதால் பட்டியலிலேயே இல்லை. அன்றைக்கு கென்ட்ரிக் லமாரிடமும் அத்தனை சொற்கள் சேர்ந்திருக்கவில்லை.

டேனியல்ஸ் மீது தப்பு இல்லை. புதிய ஆளையும் பழைய ஆளையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமென்றால் அப்படித்தான் வெட்ட வேண்டும். ஆனால் முப்பது வருடப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பட்டியலைத் தூக்கிக் காட்டுவது பொருந்தாது.

பிறகு எப்படித்தான் அளப்பது?

முதலில் ஒரு பொறி. பத்து ஆல்பத்தையும் மொத்தமாக எண்ணி, மொத்தச் சொற்களால் வகுத்தால், விகிதம் வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். யாருக்கும் அப்படித்தான் வரும். ஒருவர் பேசப் பேச, அடுத்த சொல் ஏற்கனவே சொன்னதாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மொழியியலில் இதற்கு ஹீப்ஸ் விதி என்று பெயர். சொற்களின் அளவை இரண்டு மடங்காக்கினால் தனிச்சொற்கள் இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆகும். இதைப் பார்த்துவிட்டு ‘ஆள் காலியாகிவிட்டார்’ என்று எழுதுபவர்கள் நிறையப் பேர்.

அதனால் சம அளவுத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஐந்தாயிரம் சொற்களுக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் துண்டில் எத்தனை தனிச்சொற்கள், பத்தாவது துண்டில் எத்தனை என்று பார்த்தால் ஒப்பீடு நியாயமாக இருக்கும். ஆல்பத்துக்கு ஆல்பம் ஒப்பிடுவதும் சரிப்படாது. சி.டி. காலத்தில் எழுபது நிமிடத்தையும் தாண்டி நிரப்பினார்கள். இப்போது அரை மணி நேரத்தில் ஆல்பம் முடிந்துவிடுகிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு கணக்குகள். இந்தத் துண்டில் முதல்முறையாக வந்த சொற்கள் எவை? முன்பெல்லாம் அடிக்கடி வந்து இப்போது காணாமல் போனவை எவை? மொத்த எண்ணிக்கை இரண்டு துண்டிலும் ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் உள்ளே பாதிச் சொற்கள் மாறியிருக்கலாம். அந்த மாற்றத்தில்தான் ஆளுடைய கதை இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் ஏறக்குறைய இதுதான்: ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதைவிட, எது போனது, எது வந்தது, எந்தச் சொல் அப்படியே நின்று பொருள் மாறியது என்று பாருங்கள்.

வயது ஏற ஏறச் சொல்வளம் கூடத்தானே செய்யும்?

ஒருவருக்குத் தெரிந்த சொற்கள் கூடும். நடுவயது தாண்டியும் அது தொடர்ந்து கூடுவதை உளவியலில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். நினைவும் வேகமும் குறையத் தொடங்கிய பிறகும் சொல்லறிவு நிற்கும். ஆனால் பாட்டில் அது தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

வயதோடு மாறுவது எண்ணிக்கை மட்டும் அல்ல. 2003-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் லோரி ஸ்டோனும் வெவ்வேறு வயதினரின் எழுத்தை ஆராய்ந்தார்கள். வயதாக ஆக ‘நான்’, ‘எனக்கு’ போன்ற சொற்கள் குறைகின்றன, நல்லுணர்வுச் சொற்கள் கூடுகின்றன, இறந்தகாலம் குறைந்து எதிர்காலம் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. ராப் என்பதோ ‘நான்’ என்ற ஒற்றைத் தூணில் நிற்கும் கலை. வயதான ராப்பரிடம் அந்தத் தூண் என்ன ஆகிறது என்று பார்ப்பது சுவாரசியமான வேலை.

முதல் ஆல்பத்தில் மட்டும் ஏன் அவ்வளவு அடர்த்தி?

பதினெட்டு வயதுவரை சேர்த்ததெல்லாம் அதில் கொட்டப்படுவதால். இரண்டாவது ஆல்பத்துக்குக் கிடைப்பது ஒன்றரை வருடம். நாஸின் முதல் ஆல்பம் 1994-ல் வந்தபோது அவருக்கு வயது 20. பத்துத் தடங்கள், நாற்பது நிமிடம்கூட முழுதாக இல்லை. ஆனால் ஒரு குடியிருப்பின் மாடிப்படி, ஜன்னல், தெருமுனை எல்லாம் பெயரோடு உள்ளே வந்துவிட்டன.

நிரூபிக்க வேண்டிய அவசரமும் ஒரு காரணம். 1987-ல் ராக்கிம் வந்து வரியின் நடுவிலும் இயைபு (ரைம்) வைக்கலாம், பல அசைகளுக்கு இயைபு பிடிக்கலாம் என்று காட்டிய பிறகு, புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் அதைத் தாண்டிக் காட்ட வேண்டியிருந்தது. இயைபு நீள நீள, வழக்கமான சொற்கள் கைகொடுக்காது. அரிய சொல்லைத் தேடிப் போகத்தான் வேண்டும். ஆக, சொல்வளத்தின் பாதி, இயைபின் நெருக்கடியிலிருந்து வருவது.

புகழ் வந்ததும் வேண்டுமென்றே சொற்களை எளிமையாக்குகிறார்களா?

ஆம். அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் ஜே-ஸி. கேட்பவர்களுக்காகத் தன்னைக் குறைத்துக்கொண்டு பணத்தை இரட்டிப்பாக்கினேன், விமர்சிப்பவர்களே அப்புறம் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள் என்ற பொருளில் 2003 ஆல்பத்தில் ஒரு வரியே வைத்தார். திறமை மட்டுமே விற்குமென்றால் நான் டாலிப் குவேலியாக இருந்திருப்பேன் என்று ஒரு சகாவின் பெயரையும் அதில் சொன்னார்.

ஆனால் எளிமையாவது எல்லாமே வியாபாரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கென்ட்ரிக் லமார் 2015-ல் ஜாஸ் பின்னணியில் சொற்களை அடுக்கிச் சிக்கலான ஆல்பம் ஒன்று தந்தார். இரண்டு வருடம் கழித்து வந்த அடுத்த ஆல்பத்தில் வரிகள் குறுகின, ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. 2018-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது இந்த இரண்டாவதற்குத்தான். கிளாசிக்கலும் ஜாஸும் தவிர வேறு இசைக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல்முறை. எண்ணிப் பார்த்து ‘சொற்கள் குறைந்துவிட்டன’ என்று சொன்னால் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதனால் எதையும் இழந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை: மேடை. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும் கூட்டத்துக்கு முன்னால், மூச்சுவிட இடமில்லாமல் எழுதிய வரி வேலைக்கு ஆகாது. சில வருடம் மேடை ஏறியவர் எழுதும்போதே இடைவெளி விட்டு எழுத ஆரம்பிப்பார்.

எந்தச் சொற்கள் முதலில் பழசாகும்?

தெருவழக்கு. அதிலும் எல்லோருக்கும் பிடித்துப்போன தெருவழக்கு. நியூ ஆர்லியன்ஸ் ராப்பர் பி.ஜி. 1999-ல் பாட்டாகப் போட்ட, பளபளக்கும் நகைகளைக் குறிக்கும் ‘பிளிங் பிளிங்’ என்ற சொல் சில வருடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் போனது. அகராதிக்குள் போன தெருச்சொல்லைத் தெருவில் யாரும் ஆசையோடு சொல்ல மாட்டார்கள். ராப்பர் ஸ்னூப் டாக் பரப்பிய, கடைசியில் ‘இஸில்’ ஒட்டும் ‘ஷிஸில்’ பாணிச் சொற்களுக்கு 2005-ல் இன்னும் மோசமான கதி. கிரைஸ்லர் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் லீ ஐயக்கோக்காவோடு கார் விளம்பரத்தில் நடித்த ஸ்னூப், அதே பாணியில் அவரோடு பேசினார். எண்பது வயதுப் பெரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்ட வழக்கை வைத்து எந்த இளைஞன் பாட்டு எழுதுவான்?

தெருவழக்கைக் கடன் வாங்குபவருக்கும் உருவாக்குபவருக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. கலிபோர்னியாவின் வயெஹோ நகரத்திலிருந்து வந்த ஈ-40 பல பத்தாண்டுகளாகத் தானே சொற்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். அவர் சொல் பழசானால் அடுத்ததற்குப் போய்விடுவார். கடன் வாங்குபவர் ஐம்பது வயதில் இருபது வயதுக்காரனின் சொல்லை எடுத்தால் கேட்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். தன் இருபது வயதுச் சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தாலும் பழைய ஆள் என்பார்கள். மூன்றாவது வழி, தெருவழக்கையே குறைத்துக்கொண்டு காலம் ஒட்டாத மொழிக்கு நகர்வது. நீண்டகாலம் நின்றவர்களில் பலர் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறார்கள்.

பிக் எல் 1998-ல் தெருச்சொல்லையும் அதன் பொருளையும் வரிசையாகச் சொல்லி ஒரு பாட்டே செய்தார். அடுத்த வருடமே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி எப்படிப் பேசியது என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டால் போதும்.

பழைய வசைச்சொற்களை ராப்பர்கள் கைவிடுகிறார்களா?

சிலர் கைவிட்டிருக்கிறார்கள், சிலர் வாதாடியிருக்கிறார்கள், சிலர் அந்தச் சொல்லையே பாட்டின் பொருளாக்கியிருக்கிறார்கள். சொல்வளத்தின் மாற்றத்தை எண்ணாமலே காதால் கேட்கக்கூடிய இடம் இது.

பீஸ்டி பாய்ஸ் குழு தெளிவான உதாரணம். 1986-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் பெண்களைக் கேலி செய்யும் வரிகளால் நிரம்பியது. அதற்கு அவர்கள் முதலில் வைக்க நினைத்த பெயரே தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்துவது. பதிவு நிறுவனம் ஒத்துக்கொள்ளாததால் அது மாறியது. எட்டு வருடம் கழித்து, 1994 ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே குழுவின் ஆடம் யாவுக், பெண்களை மரியாதைக் குறைவாக நடத்துவது நிற்க வேண்டும் என்று பாடினார். 1999-ல் குழுவின் இன்னொருவரான ஆடம் ஹோரோவிட்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, முதல் ஆல்பத்தில் சொன்ன மோசமான வார்த்தைகளுக்காகத் தன்பாலின ஈர்ப்பாளர்களிடம் முறையாக மன்னிப்புக் கேட்டார். பழைய பாடல்களை மேடையில் பாடும்போது சில வரிகளையும் மாற்றிக்கொண்டார்கள். பாடலை அழிக்க முடியாது, ஆனால் வாயை மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

எமினெம் கதை இவ்வளவு நேராகப் போகாது. 2018 ஆல்பத்தில் டைலர் த கிரியேட்டர் என்ற ராப்பரைத் தாக்க ஒரு தன்பாலின வசையைப் பயன்படுத்தினார். சொல் மங்கலாக்கப்பட்டிருந்தாலும் எல்லோருக்கும் புரிந்தது. சில நாட்களிலேயே ஒரு பேட்டியில், அது எல்லை மீறிவிட்டது, வேறு பலரையும் புண்படுத்திவிட்டது என்றார். இருபது வருடம் வாயில் இருந்த சொல் லேசில் போகாது.

கென்ட்ரிக் லமார் 2022-ல் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் சங்கடப்படுத்தியதும் அதுதான். தன் குடும்பத்தில் இருக்கும் திருநர் உறவினர்கள் இருவரைப் பற்றிய பாட்டு. சிறுவயதில் சர்வ சாதாரணமாகச் சொல்லித் திரிந்த வசையை அதே பாட்டில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். 2018-ல் மேடைக்கு அழைத்த வெள்ளைக்கார ரசிகை ஒருவர் கறுப்பினத்தவரைக் குறிக்கும் வசையைச் சொன்னதும் பாட்டை நிறுத்தியவர் அவர். அந்தச் சம்பவத்தையும் கொண்டுவந்து, அவளைத் தடுத்த நீ இந்தச் சொல்லை மட்டும் எப்படிச் சொல்லலாம் என்ற பொருளில் உறவினர் தன்னை மடக்கியதாகப் பாடுகிறார். விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சொல்லைச் சொல்லாமலே அதைச் சொல்லியிருக்கலாம் என்பது ஒரு தரப்பு. கணினியிடம் கொடுத்தால் அந்த வசை இன்னும் அவர் சொல்வளத்தில் இருக்கிறது என்றுதான் பதில் வரும். அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கணினி சொல்லாது.

எழுதிப் பாடுபவருக்கும் எழுதாமல் பாடுபவருக்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஜே-ஸி பல காலமாகக் காகிதத்தில் எழுதுவதில்லை. லில் வெயினும் 2000-களின் தொடக்கத்தில் எழுதுவதை விட்டுவிட்டார். நினைவில் நிறுத்த வேண்டும் என்பதால் பேச்சுவாக்கில் வரும் சொற்றொடர்களும், ஒலி ஒன்றை ஒன்று இழுத்துவரும் சொற்களும் அதிகம் வரும்.

எமினெம் நேர் எதிர். 2010-ல் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெட்டி நிறையக் காகிதத் துண்டுகளைக் காட்டினார். மூலைக்கு மூலை கிறுக்கிய வார்த்தைக் கூட்டங்கள். எப்போதாவது உதவும் என்று சேர்த்துவைக்கும் தோட்டாக்கள் மாதிரி என்றார். அகராதி படிக்கும் வழக்கத்தையும் சொன்னார். ‘ஆரஞ்சு’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இயைபே கிடையாது என்பார்களே, உச்சரிப்பை வளைத்தால் வரிசையாகப் பிடிக்கலாம் என்று அங்கேயே செய்தும் காட்டினார். அவருடைய சொல் எண்ணிக்கை வருடங்கள் கடந்தும் ஏன் வற்றவில்லை என்பதற்கு அந்தப் பெட்டியே பாதி விளக்கம்.

பெயரையும் முகமூடியையும் மாற்றினால் சொற்களும் மாறுமா?

நன்றாகவே மாறும். கூல் கீத் 1988-ல் அல்ட்ராமேக்னடிக் எம்சீஸ் குழுவில் அறிவியல் வாசனையோடு பாடினார். 1996-ல் டாக்டர் ஆக்டகன் என்ற கற்பனை மருத்துவராக வந்தபோது அறுவைசிகிச்சையும் நோய்களும் வரிகளுக்குள் புகுந்தன. எட்டு வருடத்தில் அவர் மருத்துவம் படித்துவிடவில்லை. வேடம் அந்தச் சொற்களைக் கேட்டது.

எம்.எஃப். டூம் விஷயம் கொஞ்சம் கனமானது. கே.எம்.டி. குழுவில் ஜெவ் லவ் எக்ஸ் என்ற பெயரில் 1991-ல் வந்த இளைஞர் அவர். குழுவில் கூட இருந்த தம்பி 1993-ல் இறந்தார். பதிவு நிறுவனமும் கைவிட்டது. 1999-ல் உலோக முகமூடியோடு வில்லனாகத் திரும்பி வந்தபோது ‘நான்’ என்று சொல்லும் இடத்தில் பல நேரம் ‘வில்லன்’ என்றும் ‘அவன்’ என்றும் சொன்னார். காமிக்ஸ், பழைய தொலைக்காட்சி, சமையலறைச் சொற்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. படர்க்கைக்கு மாறிய அந்த ஒரு மாற்றம் தனிச்சொல் எண்ணிக்கையில் துளியும் தெரியாது.

ஐம்பது வயதில் ராப்பர் எதைப் பற்றிப் பேசுவார்?

ஆந்த்ரே 3000 இதற்கு ஒரு நேர்மையான பதில் சொன்னார். 2023-ல், 48 வயதில், ராப் ஆல்பத்துக்குப் பதிலாகப் புல்லாங்குழல் ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். அப்போது கொடுத்த பேட்டியில், குடல் பரிசோதனைக்குப் போக வேண்டும், கண் பார்வை குறைகிறது, இதையா ராப் செய்வது என்ற பொருளில் பேசினார். லில் வெயினுக்கு இந்தப் பேச்சு வருத்தமாக இருந்தது, பேச எவ்வளவோ இருக்கிறதே என்றார்.

நான் லில் வெயின் பக்கம். குடல் பரிசோதனையைப் பற்றி ஆந்த்ரே ஒரு பாட்டு எழுதினால் வரிசையில் நின்று கேட்க ஆள் இருக்கும். ஜே-ஸி 47 வயதில், 2017-ல், அதைத்தான் செய்தார். மனைவியிடம் மன்னிப்பு, தாயின் ரகசிய வாழ்க்கை, பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் சொத்து என்று முப்பத்தாறு நிமிடம். தொடக்க காலத்தில் போதைப்பொருள் வியாபாரத்தின் கணக்காக வந்த பணம், இங்கே தலைமுறைகளின் கணக்காக வருகிறது. சொல் அதேதான், எடை வேறு. நாஸ் 2020 முதல் 2023 வரை ஹிட்-பாய் என்ற தயாரிப்பாளரோடு ஆறு ஆல்பம் போட்டார். முதலாவதற்கு கிராமி கிடைத்தது. 1985-ல் முதல் ஆல்பம் போட்ட எல்.எல். கூல் ஜே 2024-லும் ஒன்று போட்டார்.

சொல் எண்ணிக்கையில் கொடிகட்டிய ஏசாப் ராக்கும் இதே பக்கம்தான் நகர்ந்தார். பல வருடம் புதிர் போலப் பாடியவர், 2016 ஆல்பத்தில் சகோதரர்களையும் தன் மனநிலையையும் பற்றி நேரடியாகவே பேசினார். அரிய சொற்களை விட்டுவிடவில்லை, பின்னால் ஒளிந்துகொள்வதை விட்டார்.

போலீஸ், நீதிமன்ற பயத்தால் சொற்கள் மாறுமா?

மாறும். இங்கிலாந்தில் 2019-ல் ஸ்கெங்டோ, ஏ.எம். என்ற இரண்டு டிரில் (ராப்பின் ஒரு வகை) ராப்பர்களுக்கு, நீதிமன்றத் தடையை மீறிப் பாட்டுப் பாடியதற்காக நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. டிரில் பாடல்களில் ஆள்பெயரும் இடப்பெயரும் வரும் இடத்தில் ஒலியை அணைத்துவிடுவது வழக்கமாக இருப்பதைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் வழக்குகளில் ராப் வரிகளை ஆதாரமாகக் காட்டுவது பல காலமாக நடக்கிறது. கலிபோர்னியா 2022-ல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது.

வேறொருவர் எழுதிக் கொடுத்தால் கணக்கு என்ன ஆவது?

குலைந்துவிடும். 2015-ல் டிரேக் மீது மீக் மில் வைத்த குற்றச்சாட்டு இதைப் பற்றித்தான். விருந்தினர் பாடும் பகுதிகளை நீக்கலாம், ஆனால் பின்னால் இருந்து எழுதியவர் எழுதிய பகுதி எது என்று வெளியிலிருந்து பிரிக்க வழியில்லை.

தமிழ் ராப்புக்கும் இதே மாதிரி எண்ணலாமா?

எண்ணலாம், ஆனால் ஆங்கில எண்ணோடு ஒப்பிடவே கூடாது. வந்தான், வந்தாள், வர்றேன், வருவேன், வந்தவனுக்கு என்று ஒரே வினை தமிழில் நூறு உருவம் எடுக்கும். டேனியல்ஸ் முறையில் ஒவ்வொன்றும் தனிச்சொல். சுமாரான தமிழ் ராப்பரும் ஏசாப் ராக்கைத் தோற்கடித்துவிடுவார். அதோடு வந்துருச்சு, வந்துடுச்சு, வந்திருச்சு என்று எழுதுபவர் கைக்கேற்ற எழுத்துக்கூட்டல். வேர்ச்சொல்லாகக் குறைத்து, எழுத்தை ஒரே மாதிரி ஆக்கிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

கலப்புமொழி இன்னொரு சிக்கல். யோகி பி 1990-களில் மலேசியாவின் பொயெட்டிக் ஆம்மோ குழுவில் பல மொழிகளில் பாடியவர். 2006-ல் நட்சத்ரா குழுவோடு தமிழில் ஆல்பம் தந்தார். அவருடைய சொல்வளத்தை மொழிவாரியாகப் பிரித்து எண்ணுவதா, சேர்த்து எண்ணுவதா? பிரித்து எண்ணி, எந்த வருடத்தில் எந்த மொழியின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நானே ஒருவரை எடுத்து அலச வேண்டும் என்றால்?

வரிகளைக் காலவரிசையில் அடுக்குங்கள். பாடல் வெளிவந்த தேதியைப் பாருங்கள், தொகுப்பு ஆல்பத்தின் தேதியை அல்ல. திரும்ப வரும் பல்லவியை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் பகுதியையும், பின்னணியில் போடும் ‘யே’, ‘ஹா’ போன்ற கூச்சல்களையும் எடுத்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் பிழைகள் அதிகம், அதனால் முக்கியமான பாடல்களைக் காதால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பெயர்ச்சொற்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். பிராண்டு பெயர்களின் பட்டியல் மட்டுமே ஒருவரின் பொருளாதார வரலாற்றைச் சொல்லிவிடும். அப்புறம் சம துண்டுகளாக வெட்டி, வந்தவை, போனவை என்று இரண்டு பட்டியல் போடுங்கள்.

யாரை வைத்துத் தொடங்கினால் சுலபம்?

குறைந்தது ஐந்தாறு ஆல்பம் போட்டவராக, தானே எழுதுபவராக, விருந்தினரை அதிகம் அழைக்காதவராக இருந்தால் நல்லது. நாஸ் வசதியானவர். 1994 முதல் 2023 வரை நீளும் வரிசை இருக்கிறது, 2022 ஆல்பத்தில் விருந்தினரே இல்லை. ஏசாப் ராக்கை முதலில் எடுக்காதீர்கள், பெயர்ச்சொல்லையும் கற்பனைச் சொல்லையும் பிரிப்பதற்குள் அலுத்துவிடும். வூ-டாங் மாதிரி ஒன்பது பேர் குழுவை எடுத்தால் யார் எந்த வரியைப் பாடினார் என்று பிரிப்பதே முதல் வேலையாக இருக்கும்.